மருந்து காட்டிய வழி: மனச்சிதைவும் மூளையின் சமூக வாழ்வும்

பீகாரில் நாட்டு வைத்தியர்கள் சர்ப்பகந்தி என்னும் சிறு செடியின் வேரைப் பைத்தியத்துக்கு மருந்தென்று நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். ‘பாகல் கி தவா’ என்றே அதற்கு ஊர்ப்பெயர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள மருத்துவர்கள், இந்த வேர் வெறியைத் தணிக்கிறது, ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். மேற்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949இல் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதியதும் நிலைமை மாறியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

மனநோய்க்கும் மூளைக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று உலகம் சொல்லும் இரண்டு பெரிய கதைகளிலும் இந்த வேருக்குப் பங்கு உண்டு. ரத்த அழுத்தத்துக்கு ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். மூளையில் சில ரசாயனங்கள் குறைவதே மனச்சோர்வு என்ற கருத்துக்கு அது ஓர் ஆதாரமானது. இன்னொரு கதை ஸ்வீடனில் நடந்தது. ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் ஊசி போட்டார். அவை காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து ஓடின. ரெசர்பின் வற்றச் செய்த டோபமைனை எல்-டோபா மீண்டும் நிரப்பிவிட்டது. அதுவரை வெறும் இடைப்பொருள் என்று கருதப்பட்ட டோபமைன், மூளையின் செய்தியாளர்களில் ஒன்று என்பது அப்போது தெளிந்தது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் துறை வளர்ந்த முறையே இப்படித்தான். முதலில் மருந்து தற்செயலாகக் கைக்கு வரும். அது மூளையில் எதைத் தொடுகிறது என்று பிறகு தேடுவார்கள். தொட்ட இடமே நோயின் வேர் என்று முடிவாகிவிடும். இதில் கிடைத்த வெற்றிகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மருந்து தொடாத பகுதி ஆய்வின் ஓரத்துக்குப் போய்விட்டது. மனச்சிதைவு என்று நாம் அழைக்கும் நோயில் அந்தப் பகுதி எது என்று பார்த்தால், மனிதன் மற்ற மனிதரோடு வாழும் திறன்தான். இக்கட்டுரை பெரும்பாலும் மனச்சிதைவை வைத்தே பேசுகிறது. மூளைக்கும் சமூக வாழ்வுக்கும் உள்ள முடிச்சு இவ்வளவு தெளிவாகத் தெரியும் நோய் வேறில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பேர் அந்நோயோடு வாழ்கிறார்கள்.

டோபமைன் சொன்னது

1952இலேயே பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியர் தெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் வேறு காரியத்துக்கு வந்த மருந்துதான். அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியைக் குறைக்க ஆன்ரி லபோரி என்ற மருத்துவர் அதைப் பயன்படுத்தி, நோயாளிகள் விழித்திருந்தும் எதையும் பொருட்படுத்தாமல் இருப்பதைக் கவனித்திருந்தார். ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டும் கட்டப்பட்டும் கிடந்தவர்கள் சில வாரங்களில் பேசத் தொடங்கினார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, டொராண்டோவில் பிலிப் சீமேனும் பால்டிமோரில் சாலமன் ஸ்னைடரும் விடையை அளந்து காட்டினார்கள். டோபமைன் வந்து அமரும் டி2 என்ற ஏற்பியில் எந்த மருந்து இறுக ஒட்டுகிறதோ, அது குறைந்த அளவிலேயே வேலை செய்தது. தளர்வாக ஒட்டும் மருந்து அதிக அளவில் தேவைப்பட்டது. இவ்வளவு நேர்த்தியான பொருத்தம் மனநல மருத்துவத்தில் அதற்கு முன் வந்ததில்லை. டோபமைன் மிகுதிதான் மனச்சிதைவு என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டன.

ஆனால் டோபமைன் மிகுந்தால் ஒருவருக்கு ஏன் குரல் கேட்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார் என்று ஏன் தோன்ற வேண்டும்? ஏற்பிகளின் கணக்கில் இதற்குப் பதில் இல்லை. பதில் குரங்குகளிடமிருந்து வந்தது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்கின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு சாற்றுக்குத் துடிப்பதில்லை, விளக்குக்குத்தான் துடிப்பு. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. ஆகவே டோபமைனை இன்பத்தின் ரசாயனம் என்று பத்திரிகைகள் எழுதுவது சரியல்ல. ‘நீ நினைத்ததற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது, இதைக் கவனி’ என்பதே அது சொல்லும் செய்தி.

இந்த அறிவை நோயோடு இணைத்தவர் ஷித்திஜ் கபூர். 2003இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: காரணமில்லாத நேரத்தில் டோபமைன் சுரந்தால், கவனிக்க வேண்டாததெல்லாம் கவனத்தைப் பிடித்து இழுக்கும். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிறது. டிவியில் செய்தி வாசிப்பவர் இருமுகிறார். பேருந்தில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தனக்கு ஏதோ இருக்கிறது என்ற உணர்வு நெஞ்சை அழுத்துகிறது. மனித மனம் அதை விளக்கமில்லாமல் விட்டுவைக்காது. ‘என்னைக் கண்காணிக்கிறார்கள்’ என்ற கதையை அது கட்டிக்கொள்கிறது. கதை நோயாளியின் ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப அமைகிறது. ஓரிடத்தில் செய்வினை, ஓரிடத்தில் உளவுத்துறை. மருந்து கதையை அழிப்பதில்லை, அதன் அழுத்தத்தைக் குறைக்கிறது. ‘குரல் இன்னும் கேட்கிறது, ஆனால் முன்போல் தொந்தரவு இல்லை’ என்று நோயாளிகள் சொல்வதன் பொருள் அதுவே. லண்டனில் ஆலிவர் ஹோவ்ஸ் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம், நோய் முழுதாக வெளிப்படும் முன்பே மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் உற்பத்தி கூடியிருப்பதைக் கண்டார்கள். டோபமைன் கதையின் உறுதியான பகுதி இது.

உறுதியற்ற பகுதியும் உண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. இவர்களுக்குப் பெரும்பாலும் குளோசபைன் என்ற பழைய மருந்தே கைகொடுக்கிறது. அதுவோ டி2 ஏற்பியில் தளர்வாகத்தான் ஒட்டுகிறது! இதைவிட முக்கியமான குறை ஒன்றிருக்கிறது. குரல் அடங்கிய பிறகும் நோயாளி அறையை விட்டு வெளியே வருவதில்லை. நண்பர்கள் போய்விட்டார்கள். முகத்தில் உணர்ச்சி இல்லை. குளிப்பதற்கும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் நெகட்டிவ் அறிகுறிகள் என்று சொல்லும் இவற்றை டோபமைன் தடுப்பு மருந்துகள் பெரிதாக மாற்றுவதில்லை. அளவு கூடினால் மந்தத்தையும் சேர்த்துவிடுகின்றன. வேலை, திருமணம், நட்பு எல்லாவற்றையும் கெடுப்பது குரல்களைவிட இந்த ஒதுக்கமே.

கெட்டமைனும் ஒரு கடிகாரப் படமும்

ஆம்பிடமின் போன்ற டோபமைன் கூட்டும் போதைப்பொருள்கள் நலமான ஒருவருக்குச் சந்தேகத்தையும் குரல்களையும் உண்டாக்கும். ஆனால் ஒதுக்கத்தை உண்டாக்காது. 1950களில் மயக்க மருந்தாக வந்த பென்சைக்ளிடின் வேறுவிதம். அதைப் பெற்றவர்கள் குழம்பினார்கள், தமக்குள் சுருண்டுகொண்டார்கள், பேச்சு உடைந்துபோனது. 1994இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கிறிஸ்டல் குழுவினர் அதன் உறவுக்காரப் பொருளான கெட்டமைனைக் குறைந்த அளவில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோதும் இரண்டு வகை அறிகுறிகளும் சேர்ந்தே தோன்றின. இவ்விரு பொருள்களும் தடுப்பது குளூட்டமேட் என்ற செய்தியாளருக்கான என்எம்டிஏ ஏற்பியை. மூளையில் பெரும்பாலான தூண்டுதல் செய்திகள் குளூட்டமேட் வழியாகவே போகின்றன. ஆகவே பழுது டோபமைனில் தொடங்காமல், அதை மேலிருந்து நெறிப்படுத்தும் முன்மூளைச் சுற்றுகளில் தொடங்குகிறதோ என்ற ஐயம் வலுத்தது.

இந்த ஐயத்துக்கு எதிர்பாராத இடத்திலிருந்து சாட்சி வந்தது. 2007இல் பென்சில்வேனியாவில் ஜோசப் தல்மாவ் ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சலை விவரித்தார். நோயாளிகள் பெரும்பாலும் இளம்பெண்கள். சில நாள்களுக்குள் பயம், சந்தேகம், இல்லாத குரல்கள், பிறகு வலிப்பு, பிறகு நினைவிழப்பு. பலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அக்கட்டியில் நரம்புத் திசுவும் இருந்ததால், அதற்கெதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் மூளைக்குள் நுழைந்து அதே என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கின. கட்டியை எடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை தந்தால் பெரும்பாலோர் தேறினார்கள். 2009இல் நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு இந்த நோய் வந்தபோது முதலில் மனநோய் என்றும் குடி என்றும் சொன்னார்கள். சூஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் அவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கஹாலன் எல்லா எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே எழுதிவைத்தார். வலது மூளை வீங்கியிருக்கிறது என்று அந்த ஒரு தாளிலிருந்து மருத்துவர் ஊகித்தார். கட்டி அவருக்கு இல்லை, ஆனால் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவர் நலமடைந்து அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று நம் ஊரிலும் எத்தனை பெண்கள் இப்படிப் பூசாரியிடம் போயிருப்பார்களோ! மனச்சிதைவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த எதிர்ப்பொருள் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் ஒரே ஏற்பியைக் குலைத்தால் ஒரு மனிதரின் நம்பிக்கை, உறவு, பேச்சு மூன்றும் சேர்ந்து குலைகின்றன என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் இல்லை.

ஏன் பதின்வயதின் முடிவில்?

மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டியும் பெண்களுக்குச் சில ஆண்டுகள் தாமதமாகவும் வெளிப்படுகிறது. கல்லூரி, முதல் வேலை, வரன் பார்ப்பது என்று வாழ்க்கை மற்ற மனிதரிடம் திறந்துகொள்ளும் வயது அது. 1982இல் இர்வின் ஃபைன்பெர்க் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். குழந்தை மூளையில் நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ்கள் தேவைக்கு மேல் உருவாகின்றன. பதின்வயதில் மூளை அவற்றைத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்வதுபோல வெட்டிக் குறைக்கிறது. முன்மூளையில் இந்த வேலை கடைசியாக முடிகிறது. வெட்டு மிஞ்சிப்போனால்?

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது அழகான ஊகமாகவே இருந்தது. இறந்தவர்களின் மூளைகளில் முன்மூளை நரம்பணுக்களின் முட்கள் போன்ற சந்திப்புகள் குறைந்திருப்பதைப் பிட்ஸ்பர்க்கில் டேவிட் லூயிஸ் குழுவினர் கண்டிருந்தார்கள். 2016இல் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழுக்கள் மரபணுவிலிருந்து ஒரு பாதையைக் காட்டின. சி4 என்ற மரபணு கிருமிகளை அடையாளமிடும் புரதத்தைத் தருகிறது. மூளையில் அதே புரதக் குடும்பம் வெட்டப்பட வேண்டிய சினாப்ஸ்களையும் அடையாளமிடுகிறது. மைக்ரோகிளியா என்ற துப்புரவு செல்கள் அடையாளமிட்டதை விழுங்குகின்றன. சி4ஏ என்ற வடிவம் அதிகம் வெளிப்படும் மரபு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். எலிகளில் இந்த மரபணுவை நீக்கினால் வெட்டுவது குறைந்தது.

‘சற்று’ என்பதைப் பத்திரிகைகள் விட்டுவிட்டன. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புடைய 287 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. விதிவிலக்காகச் சில அரிய மாற்றங்கள் உண்டு. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு அல்லது அதையொத்த நோய் வருகிறது. அதே குறைபாடுள்ள வேறு சிலருக்கு ஆட்டிசம், சிலருக்குப் பதற்ற நோய், சிலருக்கு எதுவுமில்லை. மனச்சிதைவு, இருதுருவ நோய், ஆட்டிசம் என்று மருத்துவக் கையேடு போட்ட வேலிகளை மரபணுக்கள் மதிப்பதில்லை.

பிறர் மனதை அறியும் மூளை

மூளையில் சமூக வாழ்வுக்கென்றே சில பகுதிகள் பின்னப்பட்டிருக்கின்றன என்று 1990இல் லெஸ்லி பிரதர்ஸ் எழுதினார். அமிக்டலா, கண்குழிக்கு மேலுள்ள முன்மூளை, பொட்டுப் பக்கத்து மடிப்புகள் ஆகியவை அவர் பட்டியலில் இருந்தன. இரு பக்க அமிக்டலாவும் அழிந்த எஸ்.எம். என்ற அமெரிக்கப் பெண் பிறர் முகத்தில் பயத்தை அறிய முடியாதவர் என்று 1994இல் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழுவினர் காட்டினார்கள். பின்னர் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. அவர் முகங்களின் கண்களைப் பார்ப்பதே இல்லை. ‘கண்களைப் பாருங்கள்’ என்று சொன்னதும் பயத்தை அடையாளம் கண்டுவிட்டார். ஆக, அமிக்டலா பயத்தின் பெட்டி அல்ல. பிறர் முகத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று நம்மைத் திருப்பும் உறுப்பு.

பிறர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனை 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் ஒரு பொம்மை விளையாட்டால் அளந்தார்கள். சாலி கூடையில் கோலியை வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசமுள்ள 20 குழந்தைகளில் 16 பேர் ‘பெட்டியில்’ என்றார்கள். தமக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பதை அவர்களால் பிரிக்க முடியவில்லை. மனச்சிதைவில் நடப்பது சற்று வேறு என்று பின்னாளில் கிறிஸ் ஃப்ரித் வாதிட்டார். அங்கே பிறர் மனதை ஊகிக்கும் வேலை நின்றுபோவதில்லை, தடம் புரள்கிறது. இல்லாத எண்ணங்களையும் பிறர்மேல் ஏற்றிக்கொள்கிறது. அன்றாட வாழ்வை நடத்தும் திறனோடு, நினைவாற்றலையும் கவனத்தையும்விட இந்தச் சமூக அறிதலுக்கே நெருங்கிய தொடர்பு இருப்பதாக 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. என் கணிப்பில், மனச்சிதைவு ஆய்வில் கடந்த இருபது ஆண்டுகளின் மிக முக்கியமான, அதே நேரம் மிகக் குறைவாகப் பேசப்பட்ட முடிவு இதுவே.

அதிகம் பேசப்பட்டவை வேறு. இத்தாலியின் பார்மாவில் ஜியாகோமோ ரிசோலாட்டி குழுவினர் குரங்கு மூளையில் கண்ட ‘கண்ணாடி நியூரான்கள்’ ஓர் உதாரணம். தான் கடலையை எடுக்கும்போதும் பிறர் எடுப்பதைப் பார்க்கும்போதும் துடிக்கும் அணுக்கள் அவை. நம்மூரில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், இந்தக் கண்ணாடி உடைந்ததே ஆட்டிசம் என்று ஒரு கருதுகோளைப் பரப்பினார். அவருடைய பேச்சாற்றலும் அதற்கு உதவியது. பின்வந்த சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. ஆட்டிசமுள்ளவர்களில் பலர் பிறர் செயலின் நோக்கத்தை நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

ஆக்ஸிடோசினின் கதை இதைவிடப் பெரிய பாடம். பிரெய்ரி வோல் என்ற அமெரிக்கப் புல்வெளி எலி வாழ்நாள் துணையோடு வாழ்வது. அந்த உறவுக்கு ஆக்ஸிடோசின் தேவை என்று முப்பதாண்டு ஆய்வுகள் சொல்லின. 2005இல் அந்த ஹார்மோனை மூக்கில் தெளித்தால் மனிதர்கள் அந்நியரை அதிகம் நம்புகிறார்கள் என்ற கட்டுரை வந்ததும் ‘காதல் ஹார்மோன்’ என்ற பட்டம் சூட்டப்பட்டது. பல நாடுகளில் பெற்றோர் ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தெளிப்பானைத் தேடி அலைந்தார்கள். 2021இல் 290 குழந்தைகளிடம் பல மாதங்கள் நடத்திய முறையான சோதனையில் போலி மருந்தைவிட அது எந்த நன்மையும் தரவில்லை. 2023இல் மரபணுக் கத்தரியால் ஆக்ஸிடோசின் ஏற்பியையே நீக்கிய வோல்கள் துணை தேடிக்கொண்டு வழக்கம்போல் குடும்பம் நடத்தின. ஒரு மூலக்கூறின் தலையில் ஓர் உறவைக் கட்டிவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்த எலிகள் சாட்சி.

படக்கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் ஒரு சால்மன் மீனை எம்ஆர்ஐ கருவியில் வைத்து, மனிதர்கள் பழகும் காட்சிகளின் படங்களைக் காட்டினார்கள். அந்த மனிதர்கள் என்ன உணர்கிறார்கள் என்று மீனிடம் கேட்கவும் கேட்டார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் ‘ஒளிர்ந்தன’. அதுவோ ஏற்கனவே செத்துப்போன மீன். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய புள்ளியியல் திருத்தத்தைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர்கள் காட்ட விரும்பியது. 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர் இன்னும் கசப்பான ஒன்றைச் சொன்னார்கள்: மூளைப் படத்தையும் நடத்தையையும் நம்பத்தக்கபடி இணைக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை சில பத்துப் பேரோடு நின்றுவிட்டவை. இன்றைக்கும் மனச்சிதைவையோ மனச்சோர்வையோ உறுதிசெய்யும் ஸ்கேன் கிடையாது. ‘உங்கள் மூளையைப் படம் எடுத்து மனநோயைச் சொல்கிறோம்’ என்று எவராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எலிகளிடம் கற்றது

குரல் கேட்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. இன்னோர் எலியை நாடிப் போகிறதா, விலகுகிறதா என்று பார்க்கலாம். ஆகவே சமூக நடத்தை ஆய்வில்தான் விலங்குச் சோதனைகள் உண்மையான பலன் தந்திருக்கின்றன. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் ஓஃபர் யிஷார், கார்ல் டைசராத் குழுவினர் ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் முறையைக் கையாண்டார்கள். முன்மூளையில் தூண்டும் அணுக்களை மிகைப்படுத்தியதும் எலிகள் பிற எலிகளோடு பழகுவதை விட்டன. அடக்கும் அணுக்களையும் சேர்த்து இயக்கியபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது. தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான சமன் குலைவது ஆட்டிசத்துக்கும் மனச்சிதைவுக்கும் பொதுவான வழியாக இருக்கலாம் என்பதற்கு இது முதல் நேரடிச் சோதனை. 2016இல் கே டை குழுவினர் ஒரு நாள் தனியே அடைக்கப்பட்ட எலிகளின் மூளைத்தண்டில், டோபமைன் சுரக்கும் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டார்கள். அவற்றைத் தூண்டினால் எலி துணை தேடிப் போனது, ஆனால் அந்தத் தூண்டலை அது விரும்பவில்லை. பசியைப் போலவே தனிமைக்கும் ஒரு சுற்று இருக்கிறது.

சமூகம் மூளைக்குள் வரும் வழி

இதுவரை மூளையிலிருந்து சமூகத்துக்குப் போனோம். எதிர்த்திசையும் உண்டு. 1932இல் ஓர்னுல்ஃப் ஓடகார்ட், அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடையே மனச்சிதைவு சொந்த நாட்டைவிட அதிகம் என்று கண்டார். பின்னர் பிரிட்டனில் குடியேறிய கரீபியக் கறுப்பின மக்களிடம் இது பலமடங்கு என்று தெரிந்தது. அவர்கள் பிறந்த தீவுகளில் அப்படியில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகளிடமும் விகிதம் குறையவில்லை. சொந்த மக்கள் கூட்டமாக வாழும் பகுதிகளில் ஆபத்து குறைவு, தனித்து வாழும் பகுதிகளில் அதிகம். டென்மார்க்கில் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிராமத்தில் வளர்ந்தவர்களைவிட ஆபத்து கூடுதல். ழான்-பால் செல்டனும் எலிசபெத் கன்டோர்-கிரேயும் இவற்றைச் சேர்த்து, நெடுங்காலம் வெளியாளாக, தோற்றவராக நிறுத்தப்படும் அனுபவமே டோபமைன் அமைப்பை எளிதில் பற்றிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுகிறது என்று வாதிட்டார்கள். முழு நிரூபணம் இல்லை. ஆனால் அழுத்தத்தின்போது ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் கூடுவது அளக்கப்பட்ட உண்மை. 2011இல் ஜெர்மனியில் ஃப்ளோரியன் லெடர்போகன் குழுவினர், நகரத்தில் வசிப்பவர்களின் அமிக்டலா பிறர் கண்டிக்கும்போது கூடுதலாகத் துடிப்பதையும், நகரத்தில் வளர்ந்தவர்களிடம் அதை நெறிப்படுத்தும் பகுதி வேறுவிதமாக இயங்குவதையும் காட்டினார்கள்.

குரல்களின் குணத்தையும் சமூகம் மாற்றுகிறது. 2015இல் மானிடவியலாளர் தன்யா லர்மன், சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆர். பத்மாவதி முதலியோரோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் சான் மடேயோ, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் தலா 20 நோயாளிகளிடம் குரல்களைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் வன்முறையான அந்நியர்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அவை அம்மா, மாமியார், அக்காவின் குரல்கள். ‘குளி’, ‘வீட்டு வேலையைப் பார்’ என்று அதட்டின, சில நேரம் ஆறுதலும் சொல்லின. டோபமைன் எங்கும் ஒன்றுதான். அது எழுப்பும் குரல் யாருடையது என்பதை அந்த மனிதர் வாழ்ந்த வீடு தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ‘நம் குடும்பம் இருக்கிறது, நமக்குக் கவலையில்லை’ என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. வளரும் நாடுகளில் மனச்சிதைவின் விளைவு நல்லது என்ற பழைய முடிவு உலக சுகாதார நிறுவன ஆய்வுகளிலிருந்து வந்தது. சென்னையில் 90 முதல்முறை நோயாளிகளை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து கவனித்தவர் ஆர். தாரா. அவருடைய ஆய்விலும் பெரும்பாலோர் பத்தாண்டு முடிவில் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆயினும் 2008இல் அந்தப் பொதுமுடிவைக் கேள்விகேட்ட கட்டுரையின் ஆசிரியர்களில் தாராவும் ஒருவர். நாடுகளுக்குள்ளேயே வேறுபாடுகள் பெரிது, சிகிச்சையே இல்லாதவர்களின் நிலை மிக மோசம் என்றது அக்கட்டுரை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்ததை நாம் மறந்துவிட முடியாது. அவர்களையும் குடும்பங்கள்தான் அங்கே விட்டுவந்தன.

இன்று எங்கே நிற்கிறோம்

2024 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு புதிய மருந்தை அனுமதித்தது. சனோமெலின்-ட்ராஸ்பியம் என்ற அந்தக் கூட்டு டி2 ஏற்பியைத் தடுப்பதில்லை. அசிட்டைல்கோலின் அமைப்பின் சில ஏற்பிகளைத் தூண்டுகிறது. எழுபது ஆண்டுகளில் முதல் புதிய பாதை என்று பாராட்டு. அதன் பிறப்பைக் கேட்டால் சிரிப்பு வரும்: சனோமெலின் 1990களில் அல்சைமர் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட பொருள், அந்த முதியவர்களின் பிரமைகள் குறைந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள். மனச்சோர்வுக்கு வந்த கெட்டமைனும் அப்படியே மயக்க மருந்தாக இருந்துதான் வந்தது. செரோடோனின் குறைவே மனச்சோர்வு என்ற எளிய கூற்றுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னபோது பலர் அதிர்ந்தார்கள். துறைக்குள்ளிருந்த பலர் அதை எப்போதோ கைவிட்டிருந்தார்கள். மருந்து பலன் தருவதும் அது தொடும் பொருளே காரணம் என்பதும் இரண்டு தனிச் செய்திகள்.

என் தீர்ப்பு இது: மூளையைச் சுற்றுகளாகப் பார்க்கத் தொடங்கியது சரியான திருப்பம். ஆனால் அந்தச் சுற்றுகளைச் செதுக்குவதில் பிற மனிதருக்கும் பங்கிருப்பதால், சிகிச்சையிலும் பிற மனிதர் இடம்பெற வேண்டும். இது நல்லெண்ணப் பேச்சல்ல, சோதித்துப் பார்த்த செய்தி. நோயாளியை ஓயாமல் குறைசொல்லும் வீடுகளில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று 1976இல் லண்டனில் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் காட்டினார்கள். சண்டிகரில் அந்த ஆய்வைத் திரும்பச் செய்தபோது அப்படிக் குறைசொல்லும் வீடுகள் குறைவாக இருந்தன, ஆனால் இருந்தன. 2014இல் வெளியான காப்சி ஆய்வில் தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்றிலும் 282 நோயாளிகள் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மருந்து, வேலை, குடும்பம் பற்றிப் பேசினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் ஓராண்டில் சற்றே நன்றாக இருந்தார்கள். மாற்றம் சிறியது. அதற்கு மருத்துவப் பட்டம் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் அடங்கிய பிறகும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ‘சோம்பேறி’ என்று திட்டாதீர்கள். அதுவும் அந்த நோயின் பகுதி, அதற்கு இன்றுவரை சரியான மாத்திரை இல்லை. கடைக்குப் போகும்போது கூப்பிடுங்கள், வர மறுத்தால் நாளையும் கூப்பிடுங்கள்.